இனி மூச்சு விடலாம்

புந்தா அரேனாஸில் காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
வகுப்பறை ஜன்னல்கள் நாள் முழுக்கப் பல்லைக் கடிக்கின்றன.
நாங்கள் ஆறு பேர். நான்தான் மூத்தவள், நாற்பத்தொன்று.
பாடம் நடத்தும் டானிலோ குசனோவிச்சுக்கு
இன்னும் முப்பது ஆகவில்லை.
"சென்யோரா மிர்த்தா" என்று தொடங்கி
நாக்கைக் கடித்து
"மாணவி ஓயார்சோ" என்று திருத்திக்கொள்கிறான்.

பதினாறு வருடம் நண்டு ஆலை.
ராஜநண்டின் காலை எங்கே தட்டினால்
சதை முழுசாய் வழுக்கி வரும் என்று விரலுக்குத் தெரியும்.
நண்டுக்கு எலும்பு வெளியே.
மனிதனிடம்தான் அனுமதி கேட்டு
உள்ளே போக வேண்டியிருக்கிறது.

முதல் மாதம் ஊடுகதிரே கிடையாது.
இயந்திரத்தின் விளக்கு மட்டும் எரியும்:
உடம்பின் மேல் ஒரு மஞ்சள் சதுரம்,
அதன் நடுவே சிலுவையாய் இரண்டு நிழல்கோடுகள்.
ஒருவரை ஒருவர் படுக்க வைத்துப் பழகினோம்.
மேசை எவ்வளவு குளிரும் என்று
எந்தப் பாடநூலிலும் இல்லை.
மாயிட்டே என் இடுப்பெலும்பின் முனையைத் தேடினாள்,
பைக்குள் சாவி தேடுகிறவள் மாதிரி.
நாலு தரம் மன்னிப்புக் கேட்டாள்.
ஐந்தாம் தரம் அகப்பட்டது.
இருவரும் ஒன்றாய்ப் பெருமூச்சு விட்டோம்.

தூரம் இரட்டித்தால் கதிர் காலாய்க் குறையும்.
இதைப் பேருந்தில் வைத்துக்
குடும்பத்துக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்கு உதைத்தது.
அந்தோஃபகாஸ்தாவில் இருக்கும் என் தங்கை
மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தும்
துளி குறையாமல் சுடுகிறாள்.

ஆளுக்கொரு ஈயத் துண்டு கொடுத்தார்கள்.
என் பெயரின் இரண்டு முதலெழுத்துகள் அதில்;
படத்தின் ஓரத்தில் வெள்ளையாய் விழும்,
எடுத்தது யார் என்று சொல்ல.
ஆலையின் டப்பாக்களில்
முதலாளி பெயர் மட்டும்தான் இருந்தது.

செப்டம்பரில் ஒரு வியாழன், நெஞ்சுப் படம்.
ஜலசந்திக்கு அக்கரையிலிருந்து வந்த உலிசெஸ்
பலகையைப் பார்த்து நின்றான்.
தாடையைத் தூக்கு. தோளை முன்னால் உருட்டு.
நான் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனேன்.
"மூச்சை இழு."
இழுத்தான்.
"பிடி."
பிடித்தான்.
உயிரில்லாத பொத்தானை அழுத்திவிட்டு
டானிலோவிடம் திரும்பி
மின்னழுத்தம் பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன்.
சொன்னான். அதிலிருந்து இன்னொன்று கேட்டேன்.

மாயிட்டேதான் கத்தினாள்.
காது சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து,
பலகையைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறான் பையன்.

எல்லோரும் சிரித்தார்கள்,
இருமலுக்கு நடுவே அவனும்.
"ஏண்டா விடலை?"
"நீங்க விடச் சொல்லலையே."

டானிலோ சிரிக்கவில்லை.
"மறுபடி" என்றான்.
பதினோரு தரம் செய்தேன்.

எங்கள் ஊரில் வசந்தம் வந்தால் வானம் மெலிந்துவிடும்.
வெயிலுக்கும் நிறம் சொல்வார்கள்; அன்று சிவப்பு.
கன்னத்தில் களிம்பு வெள்ளையாய்த் திட்டுத்திட்டாக
பள்ளியிலிருந்து வந்தான் என் மகன் பெனியாமின்.
சட்டையில் குத்தியிருந்த அளவி அட்டையைத் தொட்டுப் பார்த்து,
"இது வெயிலையும் எண்ணுமா?"
எண்ணாது, அது வேற கதிர்.
"அப்போ அதை யார் எண்ணுறது?"
பாடம் அதுவரை வரவில்லை என்றேன்.
அட்டையின் முதல் மாத அறிக்கை பூஜ்யம்.
வேறெந்தப் பூஜ்யத்தையும்
நான் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியதில்லை.

இரவில் அவன் போர்வையைச் சரிசெய்யப் போனேன்.
இழுத்தான். ஒரு கணம் நிறுத்தினான்.
"விடலாம்" என்றேன், மெதுவாக.
அதற்குள் விட்டிருந்தான்.